வெற்றிலைக் காம்பும் ரோபோ கரமும்

பச்சைக் குழந்தை வெளிக்குப் போகவில்லை என்றால் எங்கள் பக்கத்துப் பாட்டிகள் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் மெல்ல வைப்பார்கள். பரமத்தி வேலூர்க் கொடிக்கால்கள் பக்கத்தில் இருக்க, வெற்றிலைக்கு என்ன பஞ்சம்? சில குழந்தைகளுக்குக் காம்பை எடுத்ததும் காற்றும் மலமும் பீறிட்டு வரும். வீடே நிம்மதியாகும். அந்தப் பீறிடலே ஒரு பிறவிக் கோளாறின் அடையாளமாக இருக்கலாம்.

கோபன்ஹேகன் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1886-ல் விவரித்த நோய் அது. ஏறக்குறைய 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. கரு வளரும்போது குடலை இயக்கும் நரம்பணுக்கள் மேலிருந்து கீழாக இறங்கி வரும். சிலருக்கு வழியிலேயே நின்றுவிடும். அவை சேராத கடைசிப் பகுதி இறுகிக் கிடக்க, அதற்கு மேலுள்ள நல்ல குடல் ஊதிப் பெருக்கும். காட்டுப்பீ என்னும் முதல் மலம் பிறந்து 48 மணி நேரமாகியும் வராமல், வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தால் காம்போடு காத்திருக்கக் கூடாது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லுக்கும் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது.

மருந்தால் இது தீராது. நரம்பணு இல்லாத குடலை நீக்கி, நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைக்க வேண்டும். 1948-ல் அறுவை மருத்துவர் ஆர்வர் ஸ்வென்சன் வயிற்றைத் திறந்து செய்து காட்டிய வழி இது. இன்று பல கைக்குழந்தைகளுக்கு ஆசனவாய் வழியாகவே முடித்துவிடுகிறார்கள்.

இதே அறுவையை ரோபோ கரத்தால் செய்வதும் உண்டு. ஆனால் ரோபோ தானாக அறுக்காது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் லீவர் பிடித்தவர் கை அசையாமல் ராடு இறங்குமா? மருத்துவர் தள்ளி உட்கார்ந்து, பெரிதாக்கிய முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி கையை அசைப்பார். சுண்டுவிரல் நுழையாத துளைகள் வழியே போன கருவிகள் அந்த அசைவைச் சிறிதாக்கி, நடுக்கத்தையும் நீக்கிச் செய்யும். இடுப்புக் குழிக்குள், சிறுநீர்ப்பை நரம்புகளை ஒட்டி வேலை செய்ய இது பெரிய வரம்.

ஆனால் பிறந்த குழந்தையின் வயிறு ஒரு சாண்கூட அகலமில்லை. 8 மில்லிமீட்டர் கருவிகள் உள்ளே முட்டிக்கொள்ளும். திறந்து செய்பவரின் விரலுக்குத் தெரியும் குடலின் இறுக்கம் பெரும்பாலான ரோபோக்களில் கைக்கு எட்டாது. செலவும் மிக அதிகம். தமிழக அரசு மருத்துவமனைகளில் முதல் ரோபோவே 2022-ல்தான், அதுவும் சென்னை ஓமந்தூரார் மருத்துவமனைக்கு வந்தது. வயிறு வீங்கிக் காய்ச்சலோடு துவளும் சிசுவைத் தூக்கிக்கொண்டு ரோபோ தேடி அலையாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். சற்று வளர்ந்த பிள்ளைக்கு, அவசரம் இல்லாதபோது, மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம்.

எந்த வழியானாலும் நடுவில் ஒரு நிறுத்தம் உண்டு. குடலிலிருந்து மிளகளவு துணுக்கை எடுத்து அனுப்பி, உறைய வைத்துச் சீவி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நரம்பணு தெரிகிறது என்று தகவல் வந்த பிறகே அந்த இடத்தில் வெட்டு. கத்தி பிடித்தவரும் ரோபோ முன் உட்கார்ந்தவரும் அதுவரை கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள்.