முழுப்பேர், அரைப்பேர்

"இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?"

இலங்கை மலையகத்துத் தோட்டமொன்றில் பொழுது சாயும் நேரம் லயத்து வாசலில் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும். தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். வேலைநாள் பதிவேடான செக்ரோலில் அன்றைய தேதிக்கு நேரே முழுதாக விழுந்தால் முழுப்பேர், பாதியாக விழுந்தால் அரைப்பேர். நான் தோட்டத்தில் வளர்ந்தவன். அம்மா மலையிலிருந்து வந்து கூடையை இறக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தே அன்றைக்கு எது விழுந்தது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

தோட்டத் தொழிலாளரின் சம்பளம் என்றதும் நாளிதழ்களில் ஒரு தொகை வரும். 2015இலிருந்து நாளுக்கு 1000 ரூபா கேட்டுப் போராட்டம் நடந்தது. 2018 அக்டோபரில் இளைஞர்கள் கறுப்பு உடையில் கொழும்புக் காலிமுகத்திடலில் திரண்டார்கள். அந்த 1000 ரூபா 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. 2024 மே தினத்தன்று 1700 என்று அறிவித்தார்கள். கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் 1350 என்று முடிந்தது. இந்தத் தொகைகளைப் படிக்கிறவர், ஒரு பெண் காலையில் வேலைக்குப் போனால் மாலையில் அந்தக் காசு அவள் கணக்கில் ஏறிவிடும் என்றே நினைப்பார். அப்படி ஏறுவதில்லை. தொகைக்கும் அவளுக்கும் நடுவே ஒரு தராசு தொங்குகிறது. பெரிய கம்பனி ஒன்றில் வேலை செய்வது என்றால் என்னவென்று தெரிய வேண்டுமானால், அந்தத் தராசின் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. நாலு, நாலரைக்கு அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, கைக்குழந்தை இருந்தால் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு, பிரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். அங்கே பேரைக் கூப்பிட்டு இன்று எந்த மலை என்று பிரித்து விடுவார்கள். மலையில் ஆளுக்கொரு நிரை. இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் கயிறு, முதுகில் கூடையோ பையோ. இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கிள்ள வேண்டும். முற்றிய இலையும் வங்கியும் (வளர்ச்சி நின்ற மொட்டு) சேர்ந்தால் கங்காணியின் சத்தம் கேட்கும். தேயிலைச் சாறு பட்டுப் பட்டு ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் கறுத்து, தோல் வெடித்துப் போகும். எந்தச் சோப்புக்கும் அந்தக் கறை போகாது. மழைக்காலத்தில் அட்டை. வெயில் காலத்தில் குளவி. குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலை போகிறவர்களைப் பற்றிய செய்தி மலையகத்துக்குப் புதிதல்ல. மலையில் மலசலகூடம் இருக்காது. இதை ஒரு வரியில் எழுதிவிட்டேன். மாதவிடாய் நாளில் எட்டு மணி நேரம் சரிவில் நிற்கிற பெண்ணுக்கு அது ஒரு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை.

ஒரு நாளில் இரண்டு மூன்று முறை கொழுந்து நிறுப்பார்கள். மடுவத்தின் முன்னால் வரிசை நீளும். பையைக் கொக்கியில் மாட்டியதும் முள் ஆடும். ஆடி நிற்பதற்குள் கணக்குப்பிள்ளை ஒரு எண்ணைச் சொல்வார், பக்கத்திலிருப்பவர் எழுதுவார். சாக்கின் எடைக்காகவும் கொழுந்தின் ஈரத்துக்காகவும் கழிவு போகும். எத்தனை கிலோ கழிக்கலாம் என்பதில்தான் ஆண்டாண்டாகச் சண்டை. என் அம்மா வேலை செய்த தோட்டத்தில், மழை பெய்யாத நாளிலும் மழைநாள் கழிவே போனது. ஒரு முறை அவர் கேட்டுவிட்டார். மறுநாளிலிருந்து இரண்டு வாரத்துக்கு அவருக்குக் கிடைத்தவை தொங்கலில் இருந்த, கொழுந்து வராத நிரைகள்.

பேர் விழுவதற்கு ஒரு கிலோ அளவு உண்டு. 16, 18 என்று இருந்தது பல தோட்டங்களில் 20ஐயும் தாண்டிவிட்டது. தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும். அந்த அளவு எடுக்காவிட்டால் அரைப்பேர். அல்லது எடுத்த கிலோவுக்கு மட்டும் காசு. 18 கிலோ பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்து வரும்போது ஏறத்தாழ 4 கிலோ தூள்தான்.

இனி மாதக் கணக்கைப் பார்ப்போம். 2024இல் நிர்ணயித்த 1350 ரூபாவையே வைத்துக்கொள்வோம். தொகை கூடினாலும் கணக்குப் போகும் வழி இதுதான். ஒரு பெண் மாதத்தில் 22 நாள் மலை ஏறுகிறாள். 18 நாள் முழுப்பேர், 4 நாள் அரைப்பேர். ஆக அவளுக்கு 20 பேர். 27,000 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம், அதாவது 2,160 போனால் 24,840 மிஞ்சும். அதற்கப்புறம் சங்கச் சந்தா, முன்பணம், தூள் வாங்கிய காசு, கோயில் காசு, பண்டிகைக்கு வாங்கிய கடனின் தவணை. சம்பளத் துண்டில் வரவுப் பக்கத்தைவிடக் கழிவுப் பக்கம் நீளமாக இருக்கும். மழை நாட்களும் கொழுந்து குறைந்த நாட்களும் கூடினால் 22 நாள் வேலையே கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்கு எடுப்பதும் உண்டு: எடுத்த கிலோவுக்குக் காசு, பேர் கிடையாது, சேமலாப நிதியும் கிடையாது.

ஆண்களுக்கும் இதே சம்பளம்தான். பெண்களுக்குச் சமச் சம்பளம் 1984இல்தான் வந்தது. ஆனால் கவ்வாத்து, மருந்தடிப்பு, கான் வெட்டு என ஆண்களின் வேலைக்கு இவ்வளவு மரம், இவ்வளவு தூரம் என்று கணக்கு. அதை முடித்தால் மதியத்துக்கு மேல் வீடு திரும்பலாம். கொழுந்து எடுக்கிறவள் கடைசி நிறுவை வரை நிற்க வேண்டும். தேயிலையைத் தாங்கி நிற்பது பெண்ணின் விரல்தான். ஆனால் அவளை மேய்க்கிற கங்காணியும் நிறுக்கிற கணக்குப்பிள்ளையும் மேலே இருக்கிற தோட்ட நிர்வாகியான துரையும் பெரும்பாலும் ஆண்கள்.

சரி, இந்தக் கம்பனி யார்? 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்ற அரச அமைப்புகள் அவற்றை நடத்தின. நட்டம் பெருகியது. 1992இல் அரசு தோட்டங்களைப் பிரித்து 20க்கும் மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளை அமைத்து, நிர்வாகத்தைத் தனியாரிடம் கொடுத்தது. பிறகு பங்குகளும் விற்கப்பட்டன. நிலம் மட்டும் இன்றும் அரசுடையது. பெரும்பாலான கம்பனிகளின் குத்தகை 2045இல் முடிகிறது. ‘தங்கப் பங்கு’ என்ற சிறப்புப் பங்கு ஒன்றும் அரசின் கையில் இருக்கிறது. இந்தக் கம்பனிகளில் பலவற்றுக்கு மேலே வேறு பெரிய வணிகக் குழுமங்கள் இருக்கின்றன.

ஆக, நிலத்துக்குச் சொந்தக்காரன் ஒருவன், குத்தகைக்காரன் ஒருவன், அவனுக்கும் மேலே ஒருவன். தொழிலாளிக்குத் தெரிந்தது துரை மட்டும். சம்பளம் கேட்டால் துரை கம்பனியைக் காட்டுவார். கம்பனி, கொழும்பு ஏலத்தில் விலை விழுந்ததைக் காட்டும். அரசு சம்பள நிர்ணய சபையைக் காட்டும். முன்பு முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டு ஒப்பந்தம் போடும். அதில் சம்பளத்தோடு எத்தனை கிலோ, என்னென்ன வசதி என்பவையும் இருக்கும். 2021இல் சம்பள நிர்ணய சபை 1000 ரூபாவை விதித்ததும் கம்பனிகள் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. தொகை ஏறியது. எத்தனை கிலோ என்று பேசுவதற்கான மேசை போய்விட்டது. பல தோட்டங்களில் கிலோ கூடிய கதை அப்போது தொடங்கியதுதான். நாள் சம்பளத்தைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டிருந்த பத்திரிகைக்காரர்கள் இதை அந்த நேரமே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

கம்பனிகள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் கூலிக்கே போகிறது. கென்யாவில் ஓர் ஆள் எடுக்கிற கொழுந்தை இலங்கையில் ஓர் ஆள் எடுப்பதில்லை. இலங்கைத் தேயிலையின் பெரும்பங்கு இன்று கம்பனித் தோட்டங்களிலிருந்து வருவதுகூட இல்லை, சிறுதோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது. சரி, ஆள் ஏன் எடுப்பதில்லை? அவள் விரலில் வேகம் குறைந்ததாலா? மலையைப் போய்ப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்து விதைக்கன்றுத் தேயிலை, நடுநடுவே வெற்றிடம், புல் மூடிய கான். பழைய மரத்தைப் பிடுங்கி, மண் தேறுவதற்காகப் புல் வளர்த்து, புதுக்கன்று நட்டு, அதில் கொழுந்து கிள்ளுவதற்கு நாலைந்து ஆண்டு ஆகிவிடும். அதுவரை அந்த நிலத்தில் செலவு மட்டும்தான். குத்தகை முடியும் ஆண்டு கண்ணுக்குத் தெரிகிற கம்பனி அந்தச் செலவுக்குத் தயங்குகிறது. 2021இல் அரசு ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பரில் தடை நீங்கினாலும், உரம் காணாத மலைகளில் அதற்குப் பிறகும் கொழுந்து சரியாக வரவில்லை. கிலோ குறைவதற்குக் காரணம் இத்தனை பேர் எடுத்த முடிவுகள். அந்தக் குறைவுக்கு அரைப்பேர் வாங்குவது ஒருத்தி மட்டும். இந்தத் தொழிலில் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுவது இதுதான்.

பிடிக்கவில்லை என்றால் வேறு வேலைக்குப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போகிறார்கள். 1992இல் இந்தக் கம்பனிகளின் பதிவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். இன்று அதில் பாதிகூட இல்லை. பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். ஆனால் வீடு? பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை வரிசை வரிசையாக நிற்கும் லயத்தில், நான்கைந்து தலைமுறை வாழ்ந்தவர்களுக்கும் பலருக்கு உறுதிப்பத்திரம் இல்லை. ஒரு கூரைத்தகடு மாற்றவோ ஒரு குசினி கட்டவோ நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான இவர்களை நாடற்றவர்களாக்கியது; 1964இன் இலங்கை-இந்திய ஒப்பந்தம் லட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது; எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003 வரை சட்டம் போட வேண்டியிருந்தது. 7 பேர்ச் காணியில் தனிவீடு என்று கட்டிக் கொடுத்தவை உண்டு, இந்திய உதவியில் எழுந்தவையும் உண்டு. தேவைக்கு அவை எந்த மூலைக்கும் காணாது. அதனால் குடும்பத்தில் ஒருவராவது, பெரும்பாலும் அம்மா, செக்ரோலில் பேரை விடாமல் வைத்திருக்கிறார். அந்தப் பேர் சம்பளத்துக்கு மட்டுமல்ல, அறைக்கும் பிடிமானம்.

இப்போது கம்பனிகள் முன்வைப்பது அவுட்குரோவர் முறை. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு தேயிலை மரம் என்று பிரித்துக் கொடுப்பார்கள். பராமரிப்பும் பறிப்பும் குடும்பத்தின் பொறுப்பு. கொழுந்தைத் தோட்டத் தொழிற்சாலைக்கே கொடுக்க வேண்டும். கிலோவுக்கு விலை. நல்ல மலை கிடைத்த குடும்பங்கள் சில கூடுதலாகச் சம்பாதிக்கின்றன என்பதும் உண்மை, அதை மறைக்கக் கூடாது. தம் நேரம் தம் கையில் இருப்பதே பெரிய விடுதலை என்று சொன்ன பெண்களும் உண்டு. ஆனால் உரத்தின் விலையும் மழையின் நட்டமும் ஏலத்தின் சரிவும் கம்பனியின் தோளிலிருந்து குடும்பத்தின் தோளுக்கு இறங்குகின்றன. நிலம் குடும்பத்தின் பேரில் இல்லை. தொழிலாளி என்ற பதிவு போனால் கம்பனி செலுத்தும் 12 வீத சேமலாப நிதியும், ஆண்டுக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் சேரும் பணிக்கொடையும், பிரசவ விடுமுறைக் காசும் என்ன ஆகும்?

இந்த முறையை விளக்கத் தோட்டமொன்றில் கூட்டம் போட்டார்கள். வந்தவர் படம் போட்டு, கிலோவுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று நல்லபடியாகவே சொன்னார். பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா எழுந்தார். தலைக்கயிறு அழுத்திய தடம் நெற்றியில் இருந்தது.

"ஐயா, அப்போ எனக்குப் பேர் யாரு போடுவாங்க?"

"இனிமே பேர் எல்லாம் இல்ல அம்மா. கிலோதான்."

"சரிங்க. நான் காய்ச்சல்ல படுத்தா?"

அவர் அடுத்த படத்துக்குப் போனார். அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இரண்டாம் நிறுவைக்கு நேரமாகிவிட்டதென்று படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு மலைக்கு இறங்கினார்.