ஆளில்லாத் தீவுக்கு மூன்று பட்டா

1982-இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் போரிட்ட பாக்லாந்துத் தீவுகளின் வழக்கு மிகப் பழையது. தென் அமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 480 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் கடலில் கிடக்கும் அத்தீவுகளுக்கு ஐரோப்பியர் வந்தபோது அங்கே மக்களே இல்லை.

1764-இல் பிரெஞ்சுக்காரரான பூகன்வில் கிழக்குத் தீவில் ஒரு குடியிருப்பை அமைத்தார். மறு ஆண்டே ஆங்கிலேயத் தளபதி பைரன் மேற்குப் பக்கம் இறங்கி, தீவுகள் யாவும் தம் மன்னருக்கே என்று அறிவித்தார். கிழக்கே பிரெஞ்சுக்காரர் அடுப்பு மூட்டிக் குடியிருந்தது அவருக்குத் தெரியாது!

ஸ்பெயின் சும்மா இருக்குமா? பூகன்வில்லுக்குப் பணம் கொடுத்து 1767-இல் அக்குடியிருப்பைப் பெற்றது. 1770-இல் படை அனுப்பி ஆங்கிலேயரை விரட்டியது. போர் மூளும் நிலை. பிரான்சு துணைக்கு வர மறுக்கவே, 1771-இல் இடத்தைத் திருப்பித் தந்தது. 1774-இல் செலவுக்கு அஞ்சி ஆங்கிலேயர் தாமே வெளியேறினர். போகும்போது, தீவு தம் மன்னருடையது என்று ஈயத் தகட்டில் பொறித்து வைத்துச் சென்றனர். எங்கள் குடும்பத்தில் பத்திரம் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இப்படியொரு பத்திரத்தைக் கண்டதில்லை.

விலங்கியல் மாணவனான எனக்கு, இவ்வழக்கில் யாரும் கேளாத இன்னொரு உரிமையாளரின் நினைவே வருகிறது. அது 'வாரா' என்னும் ஓநாய். அத்தீவுகளுக்கே உரிய ஒரே நிலப் பாலூட்டி. மனிதரைக் கண்டு அஞ்சாதது. 1830-களில் அங்கு சென்ற டார்வின், அது விரைவில் அழியும் என்று எழுதினார். தோலுக்காகக் கொன்றார்கள், ஆடுகளைக் காக்கவும் கொன்றார்கள். 1876-இல் கடைசி வாராவும் மடிந்தது.