பிள்ளைத்தமிழ்ப் பருவங்களும் வளர்ச்சித் தாமதமும்

முன்னுரை

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது பழமொழி. அறிவுக் கூர்மை மிக்க பிள்ளைகளைப் பாராட்டவே இதனை நாம் பெரிதும் வழங்குகிறோம். ஆனால் முளையில் வாட்டம் கண்டால் உழவன் வாளாவிருப்பதில்லை. சோழவந்தான் கொடிக்கால்களில் வெற்றிலைக் கொடியின் நுனி வாடினாலே வேரைப் பார்க்கும் மக்கள் நாம். ஆயினும், இரண்டு வயதாகியும் ஒரு சொல்லும் பேசாத குழந்தையைப் பார்த்து, 'இவன் மாமனும் நாலு வயதில்தான் பேசினான்' என்று சொல்லி அமைதி அடைகிறோம். அவ்வமைதியால் இழக்கப்படுவது குழந்தையின் மூளை மிக விரைவாக வளரும் காலம். வளர்ச்சித் தாமதம் என்பது யாது, அதனைக் கண்டறிவது எவ்வாறு, மதிப்பிடுவது எவ்வாறு என்பவற்றை நம் இலக்கியத்தின் துணைகொண்டு ஈண்டுக் காண்போம்.

பருவங்கள் காட்டும் படிமுறை

பிள்ளைத்தமிழ், குழந்தையைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடும் சிற்றிலக்கியம். மதுரை மீனாட்சியம்மையைக் குமரகுருபரர் பாடினார். நபிகள் நாயகத்தைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு செய்யிது அனபிய்யா புலவர் பாடினார். சமயம் வேறாயினும் பாடப்படும் குழந்தையின் வளர்ச்சிமுறை ஒன்றே.

பாட்டியல் மரபு இப்பருவங்களுக்குத் திங்கள் கணக்கும் கூறும். காப்பு 3, செங்கீரை 5, தால் 7, சப்பாணி 9, முத்தம் 11, வாரானை 13, அம்புலி 15, சிற்றில் 17, சிறுபறை 19, சிறுதேர் 21 என்பது பெருவழக்கு. இவற்றைக் கூர்ந்து நோக்கின், வளர்ச்சியின் பல துறைகளும் இவற்றுள் அடங்கியிருத்தல் புலனாகும். கையூன்றித் தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரை, கழுத்தும் தோளும் வலுப்பெற்றமைக்குச் சான்று. தாலாட்டுக்கு நா அசைத்தல் கேள்விக்கும் குரலுக்கும் உள்ள உறவு. உட்கார்ந்து இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் சப்பாணி, உடற்சமநிலையும் போலச் செய்தலும் கூடிய செயல். அழைத்தவுடன் முத்தம் தருதல் மொழியுணர்வும் உறவுணர்வும். வாரானை நடை.

இவற்றுள் அம்புலிப் பருவம் தனித்துக் கருதத்தக்கது. தாய் நிலவைச் சுட்டுகிறாள். குழந்தை அவள் விரலைப் பாராமல் விரல் காட்டும் திசையைப் பார்க்கிறது. பின்பு தானும் சுட்டித் தாயின் முகத்தை நோக்குகிறது. ஒரு பொருளை இருவர் சேர்ந்து காணும் இத்திறனே பேச்சின் அடித்தளம் என்று இன்றைய வல்லுநர் கூறுவர். ஒன்றரை வயதாகியும் எதனையும் சுட்டிக் காட்டாமை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை ஆகியன ஆட்டிசம் எனும் நிலையை ஐயுறுவதற்குரிய முதன்மைக் குறிகளுள் சில.

இயல்பின் எல்லை

பருவத் திங்கள்கள் புலவர் வகுத்த இலக்கிய மரபே. மருத்துவ வரம்பு அல்ல. உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட அளவுகளின்படி, துணையின்றி உட்காருதல் 3.8 முதல் 9.2 மாதத்திற்குள்ளும், தனித்து நடத்தல் 8.2 முதல் 17.6 மாதத்திற்குள்ளும் நிகழ்தல் இயல்பு. எனவே 13-ஆம் மாதத்தில் நடவாத குழந்தையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 18 மாதம் நிறைந்தும் நடவாத குழந்தையை மருத்துவரிடம் காட்டாதிருத்தலும் கூடாது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, முந்திப் பிறந்த காலத்தைக் கழித்தே வயதைக் கணக்கிட வேண்டும். இரண்டு மாதம் முந்திப் பிறந்த ஒன்பது மாதக் குழந்தையிடம் ஏழு மாதத் திறன்களையே எதிர்பார்க்கலாம். இரண்டு வயது வரை இக்கணக்கைப் பின்பற்றுவர்.

கண்டறிதல்

கண்டறிதல் வேறு, மதிப்பிடுதல் வேறு. முன்னது சல்லடை, பின்னது துலாக்கோல்.

சல்லடைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவாகி 1991-இல் வெளிவந்த வளர்ச்சிக் கணிப்பு அட்டவணை. பிறப்பு முதல் இரண்டு வயது வரையிலான 17 செயல்களே அதில் உள்ளன. முகம் பார்த்துச் சிரித்தல், மணியோசைக்குத் தலை திருப்புதல், கை மாற்றிப் பொருள் பிடித்தல், இரண்டு சொல் பேசுதல் போன்றவை அவை. நம் சப்பாணியை ஒத்த கைகொட்டுதலும் அவற்றுள் ஒன்று. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு செங்குத்துக் கோடு இட வேண்டும். கோட்டுக்கு இடப்புறம் முடிவுற்ற செயல்களுள் ஒன்றையேனும் குழந்தை செய்யவில்லையாயின் மேலாய்வுக்கு அனுப்ப வேண்டும். பயிற்சி பெற்ற அங்கன்வாடிப் பணியாளர் சில நிமிடங்களில் இதனைச் செய்துவிடலாம்.

இல்லத்தார் நினைவில் கொள்ள வேண்டிய குறிகள் சில உள. மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரியாமை. ஐந்து மாதமாகியும் தலை நில்லாமை. பத்து மாதமாகியும் உட்காராமை. ஓராண்டாகியும் மழலை ஒலியும் கைச்சைகையும் இன்மை. இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை ஆகியன அவை. எவ்வயதிலாயினும், முன்பு வந்த பேச்சோ செயலோ மறைந்து போவது மிக முதன்மையான எச்சரிக்கை.

மதிப்பிடுதல்

ஐயம் எழுந்தபின் குழந்தைநல மருத்துவர் பிறப்பு வரலாற்றைக் கேட்பார், தலைச்சுற்றளவை அளப்பார், பார்வையையும் கேள்வியையும் சோதிக்கச் செய்வார். பேசாத குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டியது செவிச் சோதனையே. காது கேளாமையே காரணமாயின், கேட்புக் கருவியோ காக்ளியர் கருவிப் பதியமோ எத்துணை விரைவில் கிடைக்கிறதோ அத்துணைக்குப் பேச்சு வளரும். நெருங்கிய உறவில் மணம் புரிந்தோர் குழந்தைகளிடம் மரபுவழிக் கேளாமைக்கு வாய்ப்பு மிகுதி. ஆதலின் அக்குடும்பங்கள் கூடுதல் விழிப்புடன் இருத்தல் வேண்டும். பிறவியிலேயே தைராய்டு சுரப்புக் குறைந்த குழந்தைக்குப் பிறந்த சில வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் அறிவு வளர்ச்சிக் குறையைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

பின்னர், குழந்தை எவ்வயதின் திறனைப் பெற்றுள்ளது என்று தேர்ந்த உளவியலாளர் கணிப்பர். அவ்வளர்ச்சி வயதை உண்மை வயதால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வளர்ச்சி ஈவு கிடைக்கும். 20 மாதக் குழந்தையின் திறன் 12 மாத அளவினதாயின் ஈவு 60. பொதுவாக 70-க்குக் கீழ்ப்பட்டதைத் தாமதம் என்பர். இவ்வெண் குழந்தையின் தலையெழுத்து அன்று. பயிற்சி எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் வழிகாட்டிக் கல்.

2013-இல் நடுவண் அரசு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று 18 வயது வரையுள்ளோரை ஆய்கின்றன. ஐயத்திற்குரியோரை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்புகின்றன. இயன்முறை, பேச்சு முதலிய பயிற்சிகளை அளிப்பதே அம்மையங்களின் பணி.

சமுதாயத்தின் கடமை

பல இல்லங்களில் குறையை முதலில் காண்பவள் தாயே. அவள் வாயை அடைப்பது சுற்றத்தார் சொல். 'வெளியே தெரிந்தால் அக்காளுக்கு மாப்பிள்ளை அமையாது' என்று குழந்தையை மறைக்கும் வீடுகளும் உள. ஓதிப் பார்த்தலோடு நின்றுவிடுவோரும் உளர். துஆ நம்பிக்கையின் வழி. அது மருத்துவத்திற்குத் தடையன்று. நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைப் பொருட்டாகக் கொண்டு 'அபஸ' எனும் 80-ஆம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் அருளப்பெற்றன. குறையுடையாரைப் புறந்தள்ளலாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஜமாஅத் பெரியோர் ஜும்ஆ உரையில் இச்செய்தியை எடுத்துரைக்கலாம். மாணவர்கள் தத்தம் தெருவில் உள்ள இளந்தாய்மாருக்கு அங்கன்வாடியின் வழியைக் காட்டலாம்.

நிறைவுரை

புலவர் ஒவ்வொரு பருவத்திலும் குழந்தையிடம் ஒன்றை வேண்டி நின்றனர்: ஆடுக, கொட்டுக, வருக, தருக என்று. வேண்டியவர் விடையை எதிர்நோக்கியும் இருந்தனர். நம் இல்லத்துக் குழந்தையிடமும் அவ்வாறே வேண்டுவோம். விடை வருகிறதா என்று நோக்குவோம். வாராதாயின் காலம் தாழ்த்தாது மருத்துவரை நாடுவோம்.