பொறி மாறினாலும் விடை மாறாதிருக்க

கொல்கத்தா நகரின் வடபால், பாரக்பூர் டிரங்க் சாலையில் இந்தியப் புள்ளிவிவர ஸ்தாபனம் அமைந்துள்ளது. பேராசிரியர் மஹலநோபிஸ் 1931-ஆம் ஆண்டில் தோற்றுவித்த இந்த ஸ்தாபனத்திற்கு, 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து ஒரு மின்னணுக் கணிப்பொறி வந்து சேர்ந்தது. பிரிட்டிஷ் டாபுலேட்டிங் மெஷின் கம்பெனியார் தயாரித்த அப்பொறிக்கு எச்.இ.சி.-2எம் என்று பெயர். இந்தியாவில் நிறுவப்பெற்ற முதல் இலக்கமுறைக் கணிப்பொறி அதுவே. மூன்று ஆண்டுகள் கழிந்தபின், ஐக்கிய நாடுகள் சபையின் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் வாயிலாகச் சோவியத் நாட்டிலிருந்து 'யூரல்' என்ற மற்றொரு பொறியும் அங்கு வந்தது.

இவ்விரண்டையும் மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவருக்கு அவை ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாகவே தோன்றியிருக்கும். இரண்டும் வால்வுகளால் ஆனவை. இரண்டும் சுழலும் காந்த உருளை ஒன்றில் 1,024 எண்களை நினைவில் வைத்துக்கொள்ளும். ஆயினும் ஒன்றுக்கென எழுதப்பட்ட நிரலை மற்றொன்றில் இட்டு வேலை வாங்க இயலாது. ஆங்கிலப் பொறி துளையிட்ட அட்டைகளைப் படித்தது. ரஷ்யப் பொறி துளையிட்ட பிலிம் சுருளைப் படித்தது. அதுவேனும் வெளித்தோற்றத்து வேற்றுமை. உள்ளே, 'கூட்டு' என்னும் கட்டளைக்கு ஒரு பொறியில் ஓர் எண். மற்றொன்றில் வேறோர் எண். எண்களை உருளையில் அடுக்கும் முறையும் வேறு. எனவே, ஒரு கணக்கைப் போடுவதற்குப் பல நாட்கள் முயன்று எழுதிய கட்டளை வரிசையை, மற்றப் பொறிக்காக முதல் வரியிலிருந்து மீண்டும் எழுதவேண்டியதாயிற்று.

1964-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 1401 என்ற பொறி ஸ்தாபனத்திற்கு வந்தது. 1966-ஆம் ஆண்டில், ஸ்தாபனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் கூடி டிரான்ஸிஸ்டர்களைக் கொண்டு தாமே நிர்மாணித்த 'இஸிஜு-1' இயங்கத் தொடங்கியது. நம் நாட்டு எஞ்சினீயர்களின் திறமைக்கு அது சிறந்த சான்று என்பதில் ஐயமில்லை. ஆனால் நிரல் எழுதுவோரின் கண்கொண்டு பார்த்தால், பதினோரு ஆண்டுகளில் நான்கு பொறிகள், நான்கு மொழிகள். பொறியின் விலை கணக்குப் புத்தகத்தில் ஏறியது; நிரல்களைத் திரும்பத் திரும்ப எழுதிய உழைப்பின் விலை எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

மூல நிரலும் பொறி நிரலும்

இந்தத் தொல்லைக்கு உலகம் கண்ட பரிகாரம், நிரலை இரு நிலைகளாகப் பிரித்ததாகும். மனிதர் படித்து உணரத்தக்க ஒரு மொழியில் எழுதுவது மூல நிரல். அதனைப் பொறியின் கட்டளை எண்களாக மாற்றித் தருவது 'கம்பைலர்' என்னும் மற்றொரு நிரல். விஞ்ஞானக் கணக்குகளுக்கான ஃபோர்ட்ரான் மொழி 1957-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பு 1973-இல் 'ஸி' மொழியில் திருப்பி எழுதப்பட்டது. அதன் பின்னர் ஓர் இயக்க அமைப்பையே ஒரு பொறியிலிருந்து மற்றொரு பொறிக்குக் கொண்டுசெல்லலாம் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிர்ந்துகொள்ளலாம் என்ற நிபந்தனையுடன் வெளியிடப்படுவதே திறந்த மூல மென்பொருள். இன்று விஞ்ஞானிகள் உபயோகிக்கும் நிரல்களில் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்ததே.

அப்படியாயின் தொல்லை தீர்ந்துவிட்டதல்லவா என்று கேட்கலாம். மொழிபெயர்ப்புப் பணியில் பழகியோர் இதற்கு உடனே விடை கூறிவிடுவர். மூலம் கையில் இருப்பது வேறு. பிழையற்ற பெயர்ப்பு கையில் இருப்பது வேறு.

பொறிகளின் வகைகளும் குறையவில்லை. மேசைக் கணினிகளில் பெரும்பாலும் இன்டெல், ஏ.எம்.டி. கம்பெனிகளின் செயலிகள் உள்ளன. கைப்பேசியிலும், பள்ளிகளில் காணப்படும் 'ராஸ்பெரி பை' என்னும் சிறு கணினியிலும் இருப்பவை 'ஆர்ம்' வகைச் செயலிகள். ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரும் பொறிகள் தனி வகை. 2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ரிஸ்க்-ஃபைவ்' என்பது, உரிமக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தத்தக்க கட்டளைத் தொகுதி. ஒரு மென்பொருளை ஒவ்வொரு வகைச் செயலிக்கும் உரிய பொறி நிரலாக மாற்றி, அதற்குத் துணையான பிற மென்பொருள்கள் இன்னவை என்ற பட்டியலும் சேர்த்து, ஒரே கட்டளையில் நிறுவத்தக்கவாறு கட்டித் தருவதே 'பொதி' எனப்படும். 1993-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டெபியன் திட்டம் இத்துறையில் மூத்தது. உலகெங்கும் உள்ள தொண்டர்களே அதனை நடத்துகின்றனர். அவர்களுடைய ஆண்டு மாநாடு 2023-இல் நம் கொச்சி நகரில் நடைபெற்றது. சென்னையில் சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' என்ற இயக்க அமைப்பும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதேயாகும்.

கணக்கு எங்கே பிசகுகிறது

கம்பைலர் குறை கூறாமல் மாற்றித் தந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுதல் தவறு. ஒரு களப் பணியாளர் ஆயிரம் குடும்பங்களில் விசாரணை நடத்தி, ஒவ்வொரு குடும்பத்திலும் உள்ள குழந்தைகளின் எண்ணிக்கையைக் குறித்து வருகிறார் எனக் கொள்வோம். விடை கிடைக்காத வீடுகளுக்கு -1 என்று குறிப்பது வழக்கம். ஸி மொழியில் எழுதப்பட்ட நிரல் இச்சிறு எண்ணை 'கேரக்டர்' என்னும் ஓரெழுத்து இடத்தில் வைக்கிறது. இன்டெல் வகைச் செயலியில் அவ்விடம் -128 முதல் 127 வரையுள்ள எண்களை ஏற்கும். லினக்ஸ் இயங்கும் ஆர்ம் செயலியிலோ, ரிஸ்க்-ஃபைவ் செயலியிலோ அதே இடம் 0 முதல் 255 வரை ஏற்கும். குறைக்குறிக்கு அங்கே இடமில்லை. ஆகவே -1 என்று எழுதப்பட்டது 255 ஆகிவிடும். 'விடை இல்லை' என்று ஒதுக்கப்பட வேண்டிய வீடு, 255 குழந்தைகள் உள்ள வீடாகக் கூட்டலில் சேரும். இதில் மொழியின் குற்றம் எதுவுமில்லை. அவ்விடத்திற்குக் குறி உண்டா இல்லையா என்பதை மொழி இலக்கணம் பொறிக்கே விட்டுவிட்டது. குறியுள்ள எண் என்று நிரலில் வெளிப்படையாக அறிவித்திருந்தால் தீர்ந்தது. அறிவிக்காமல் விட்டவர் தம் மேசையிலிருந்த பொறியையே உலகம் என்று கொண்டுவிட்டார்.

எண்ணை அடுக்கும் வரிசை மற்றொரு பொறி. சில செயலிகள் எண்ணின் பெரும்பகுதியை முதலிலும், சில சிறுபகுதியை முதலிலும் வைக்கும். ஐ.பி.எம். பெரும் பொறிகள் முதல் வகை. இன்டெல் இரண்டாம் வகை. ஒன்று எழுதிய கோப்பை மற்றொன்று அப்படியே படித்தால், 1 என்ற எண் 1,67,77,216 ஆகத் தோன்றும். இத்தகைய பிழை பெரிதாக இருப்பதால் உடனே கண்ணில் படும். அஞ்சத்தக்கவை சிறு பிழைகளே.

புள்ளிவிவரத் துறையினர் பலரும் உபயோகிக்கும் 'ஆர்' என்ற மென்பொருளை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நீண்ட பட்டியலின் கூட்டுத்தொகையைக் காணும்போது, செயலியில் கிடைக்கும் மிகு நுட்பமான எண்வடிவை அது நாடுகிறது. இன்டெல் செயலியில் அவ்வடிவம் 80 பிட்டு. சுமார் 19 இலக்கங்கள் வரை சரியாகும். லினக்ஸ் இயங்கும் 64 பிட்டு ஆர்ம் செயலியில் 128 பிட்டு. சுமார் 34 இலக்கங்கள். ஆப்பிள் நிறுவனத்தின் ஆர்ம் செயலிகளில் அவ்வடிவம் வெறும் 64 பிட்டுதான். 15 அல்லது 16 இலக்கங்கள். மேலும், பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில் முடித்து ஒரே முறை முழுமையாக்கும் செயலிகள் உள்ளன. தனித்தனியே செய்து இருமுறை முழுமையாக்குபவையும் உள்ளன. ஆகவே ஒரே மூல நிரல், ஒரே தரவு, ஆனால் கடைசி இலக்கங்களில் வேறுபட்ட விடைகள். எல்லாமே ஒருவகையில் சரியானவையே.

பொதி கட்டுவோர் உண்மையான சோதனையைச் சந்திப்பது இங்கேதான். நல்ல விஞ்ஞான மென்பொருளுடன் அதனைச் சரிபார்க்கும் பரிசோதனைகளும் வரும். இந்தக் கணக்கிற்கு இந்த விடை வரவேண்டும் என்பன அவை. புதிய செயலியில் பரிசோதனை ஒன்று தோல்வியுற்றால், அது மேற்சொன்ன கடைசி இலக்க வேறுபாடா, அன்றி 255 குழந்தைகளைப் போன்ற மெய்யான பிழையா என்று தீர்மானிக்க வேண்டும். பொறியை மட்டும் அறிந்தவரால் இதனைத் தீர்மானிக்க இயலாது. அக்கணக்கின் பொருளை அறிந்தவர் வேண்டும். நேரமின்மையால் சிலர் எளிய வழி ஒன்றைக் கையாள்வதுண்டு: தோல்வியுறும் பரிசோதனையை நீக்கிவிட்டுப் பொதியை வெளியிட்டுவிடுவர். தேறாத மாணவனுக்காக வினாத்தாளையே கிழித்துவிடுவதற்கு ஒப்பான செயல் இது. பொதி கிடைக்கும், நிறுவும், ஓடும், விடையும் தரும். அவ்விடையை நம்பி அறிக்கை எழுதுபவருக்கு, பரிசோதனை நீக்கப்பட்டது தெரியவே வராது.

இன்றைய கொல்கத்தாவில்

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி, கொல்கத்தாவின் ஸால்ட் லேக் பகுதியிலுள்ள எஸ். என். போஸ் தேசிய அடிப்படை விஞ்ஞான மையத்தில் 'பரம் ருத்ரா' என்னும் மீத்திறன் கணினி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அன்றே புணேயிலும் டில்லியிலும் இத்தகைய கணினிகள் இரண்டு அர்ப்பணிக்கப்பட்டன. இக்கணினிகளின் சர்வர்களை வடிவமைத்தது சி-டாக். அவற்றுள் உள்ள செயலிகள் இன்டெல் தயாரிப்பு. ஆனால் சி-டாக் வடிவமைப்பில் ஈடுபட்டுள்ள 'ஔம்' என்ற செயலி ஆர்ம் வகையைச் சேர்ந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' செயலிகளும், திருவனந்தபுரம் சி-டாக்கின் 'வேகா' செயலிகளும் ரிஸ்க்-ஃபைவ் வகையின. சக்தி வகைச் செயலி 2018-ஆம் ஆண்டிலேயே சில்லாக வார்க்கப்பட்டு லினக்ஸை இயக்கியது.

நாளை இத்தகைய செயலிகளால் ஆன கணினி ஒன்று கொல்கத்தாவில் நிறுவப்படுமாயின், எச்.இ.சி.யின் அருகில் யூரல் வந்து நின்ற நிலைமை மீண்டும் தோன்றும். அன்று போல முதல் வரியிலிருந்து எழுதவேண்டியதில்லை என்பது உண்மையே. அந்த அளவிற்கு வழி முன்னரே செப்பனிடப்பட்டிருக்கிறது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் தேதி வெளியான டெபியன் 13-ஆம் பதிப்பில், ரிஸ்க்-ஃபைவ் முதல் தடவையாக முழு உரிமையுடன் இடம்பெற்றது. இதற்கெனப் பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கான பொதிகளை ஒவ்வொன்றாகக் கட்டி, தவறியவற்றைத் திருத்தி, திருத்தத்தை மூல ஆசிரியருக்கு அனுப்பி வந்துள்ளனர். ஆயினும் ஒரு பௌதிக ஆராய்ச்சி மாணவர் தம் சொந்த உபயோகத்திற்காக எழுதி வைத்திருக்கும் நிரல் எந்தப் பொதியிலும் இல்லை. அதனை அவரேதான் பெயர்த்துச் சரிபார்த்தாக வேண்டும். நம் செயலித் திட்டங்களில் சில்லுக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்கேனும் இப்பணிக்குக் கிடைக்குமா என்பது கேட்கத்தக்க கேள்வி.

இப்பணியில் ஈடுபட விலையுயர்ந்த பொறி எதுவும் தேவையில்லை. 2003-ஆம் ஆண்டில் ஃபாப்ரீஸ் பெல்லார்டு என்னும் பிரெஞ்சு நிபுணர் வெளியிட்ட 'க்யூ-எமு' என்ற மென்பொருள், ஒரு சாதாரண மேசைக் கணினியை மற்றொரு வகைச் செயலியைப் போல் நடிக்கச் செய்யும். வேகம் குறைவு, பல உட்கருக்கள் நினைவகத்தை ஒருசேரக் கையாளும்போது தோன்றும் நுண்ணிய பிழைகளை அதில் காண முடியாமலும் போகலாம். ஆனால் 255 குழந்தைகளை அது தவறாமல் காட்டிக்கொடுக்கும். கல்லூரி ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களைக் கொண்டு ஏதேனும் ஒரு புள்ளிவிவரப் பொதியின் பரிசோதனைகளை இவ்வாறு ஓட்டி, தோல்வியுற்றவற்றை ஆராய்ந்து டெபியனுக்கு எழுதி அனுப்பலாம். விடைகள் வேறுபடுவதைக் கண்ணால் காணும் மாணவர், முழுமையாக்கல் பிழை என்ற பாடத்தைப் பின்னர் மறப்பதில்லை.

செயலி வகைகள் பட்டியலில் சேர்க்கப்படுவது போலவே, ஆள் இல்லாதபோது நீக்கவும்படுகின்றன. டெபியன் 12-இல் ஒன்பது வகைகள் இருந்தன. 13-இல் அவை ஏழாயின. 'மிப்ஸ்' வகை இரண்டும் விலக்கப்பட்டன. பழைய 32 பிட்டு இன்டெல் வகையில், 64 பிட்டுக் கணினியில் பழைய நிரல்களை ஓட்டுவதற்கு வேண்டியவை மட்டும் எஞ்சின. அவ்வகைக் கணினியில் 13-ஆம் பதிப்பைப் புதிதாக நிறுவ முடியாது. நம் பள்ளிகளில் இன்னும் அத்தகைய கணினிகளை வைத்திருப்போர் 12-ஆம் பதிப்பையே தொடர்ந்து உபயோகிக்கலாம். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2028-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வரை கிடைக்கும்.