கே. பி. சுந்தராம்பாள்

கே. பி. சுந்தராம்பாள் (1908 – 1980) தமிழ்நாட்டைச் சேர்ந்த பாடகியும் நாடக, திரைப்பட நடிகையும் ஆவார். ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் வளர்ந்த அவரது உயர்ந்த குரல், பின்னர் முருக பக்திப் பாடல்களின் வழியே தமிழர் வாழும் நாடுகள் எங்கும் பரவியது. பெயரின் முன்னெழுத்துகளில் "கே" பிறந்த ஊரான கொடுமுடியையும், "பி" தாயார் பாலாம்பாளையும் குறிக்கின்றன.

இளமை

இன்றைய ஈரோடு மாவட்டத்தில், காவிரிக் கரையில் அமைந்த ஊர் கொடுமுடி. தந்தையின் துணையின்றி, தாயாரின் உழைப்பில் மிக வறிய சூழலில் சுந்தராம்பாள் வளர்ந்தார். சிறு வயதில் தொடர்வண்டியில் பாடியபோது அவரது குரல் கவனிக்கப்பட்டதாகவும், அதன் வழியாக பி. எஸ். வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்ந்ததாகவும் கூறப்படுகிறது. முதலில் சிறுவர் வேடங்களிலும் பின்னர் கதைத்தலைவி வேடங்களிலும் நடித்தார். அக்காலத்தில் இலங்கையில் தமிழ் நாடகங்களுக்குப் பெரும் வரவேற்பு இருந்தமையால், கொழும்பு மேடைகளிலும் அவர் புகழ் பெற்றார்.

நாடக மேடையும் குரலும்

சங்கரதாஸ் சுவாமிகள் (1867 – 1922) எழுதிய நாடகங்களே அன்று தென் தமிழகத்தில் பெரிதும் நடிக்கப்பட்டன. "ஸ்பெஷல் நாடகம்" என்னும் முறையில் நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்களாக இருப்பதில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக அமர்த்தப்பட்டு, அன்றிரவு மேடையிலேயே சந்திப்பர். ஒத்திகை கிடையாது. "வள்ளி திருமணம்" நாடகத்தில் வேலனும் வள்ளியும் பாட்டாலேயே வாதிடும் தருக்கக் காட்சி இரவின் உச்சமாகக் கருதப்பட்டது. எதிரே நிற்பவர் எந்தப் பாட்டை எடுப்பார் என்பது முன்கூட்டியே தெரியாது. ஆர்மோனியக்காரர் பிடிக்கும் உயர்ந்த சுருதியில் உடனே பதில் பாட வேண்டும். கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்க வேண்டும். சுந்தராம்பாளின் பாட்டில் சொல் சிதையாமல் ஒலிப்பதற்கும், உச்சத்திலும் குரல் மெலியாமல் நிற்பதற்கும் இந்தப் பயிற்சியே காரணம் எனலாம். இந்நாடக மரபு முற்றிலும் மறைந்துவிடவில்லை. திண்டுக்கல், மதுரை, புதுக்கோட்டை வட்டாரக் கோயில் திருவிழாக்களில் "வள்ளி திருமணம்" தொடர்ந்து நடிக்கப்பட்டு வந்துள்ளது.

கிட்டப்பாவுடன்

செங்கோட்டையைச் சேர்ந்த எஸ். ஜி. கிட்டப்பா (1906 – 1933) அக்கால நாடக உலகின் முதன்மைப் பாடகர். 1926 இல் கொழும்பில் இருவரும் இணைந்து நடித்தனர். இந்த மேடைப் பழக்கம் காதலாக மாறி, அடுத்த ஆண்டு திருமணத்தில் முடிந்தது. கிட்டப்பா ஏற்கனவே மணமானவர், சாதியும் வேறு. இணைந்து நடித்த காலத்தில் வசூல் பெருகியபோதும் குடும்ப வாழ்வு அமைதியாக இல்லை. பிறந்த குழந்தை இறந்தது, பிணக்கும் பிரிவும் தொடர்ந்தன. சுந்தராம்பாள் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வெளிவந்தன. அவற்றில் தெரிவது மேடையில் வென்ற பாடகி அல்லர். வராத கணவரை எதிர்பார்த்திருந்த ஓர் இளம்பெண்.

1933 திசம்பர் 2 அன்று கிட்டப்பா தமது 27 ஆம் வயதில் காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று முதல் அவர் வெள்ளைச் சேலை உடுத்தி, வேறு எந்த ஆணுடனும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்.

திரைப்படங்கள்

இந்த உறுதி அவரது தொழிலை அழித்திருக்கக்கூடும். காதல் வேடங்களை மறுக்கும் இளம் நடிகைக்கு அன்றைய நாடகத்திலும் திரைப்படத்திலும் இடம் மிகக் குறைவு. அவரோ அவ்வுறுதிக்கு உட்பட்ட வேடங்களையே தேடி ஏற்றார்.

முதலாவது "நந்தனார்" (1935). தயாரிப்பாளரைத் தவிர்ப்பதற்காகவே அவர் ஒரு இலட்சம் ரூபாய் கேட்டதாகவும், அத்தொகை எதிர்பாராத விதமாக ஒப்புக்கொள்ளப்பட்டதாகவும் கூறுவர். நாடே வியந்த ஊதியம் அது. படத்தில் ஆண் வேடமான நந்தனாராக அவரே நடித்தார். வேதியராக நடித்தவர் கருநாடக இசைக் கலைஞர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். படம் எதிர்பார்த்த அளவு பாராட்டப்படவில்லை. கல்கி ஆனந்த விகடனில் அதைக் கடுமையாகக் கேலி செய்து எழுதினார். அடுத்து "மணிமேகலை" (1940) படத்தில் துறவியின் வேடம்.

எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய "ஔவையார்" (1953) அவருக்கு நிலையான உருவத்தைத் தந்தது. திருநீறும் வெண்ணிற ஆடையும் கைத்தடியும் கொண்ட முதிய ஔவையைத் தமிழர் மனத்தில் பதித்ததில் இப்படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. வெளியானபோது சுந்தராம்பாளுக்கு வயது 44 மட்டுமே என்பது குறிப்பிடத்தக்கது.

மு. கருணாநிதி திரைக்கதை எழுதிய "பூம்புகார்" (1964) படத்தில் கவுந்தி அடிகளாக நடித்தார். தெய்வத்தைக் கேள்வி கேட்கும் பாடல் வரி ஒன்றைத் தம்மால் பாட இயலாது என்று மறுத்து, அது மாற்றப்பட்ட பின்னரே பாடினார் எனத் திரையுலகினர் கூறுவர். "திருவிளையாடல்" (1965), "கந்தன் கருணை" (1967), "துணைவன்" (1969), "காரைக்கால் அம்மையார்" (1973) முதலியன பிற்காலப் படங்கள்.

பழனியும் முருகன் பாடல்களும்

"திருவிளையாடல்" படத்தில், மாம்பழம் கிடைக்காத சினத்தில் பழனிக்குச் சென்ற முருகனை ஔவை பாடித் தணிக்கிறார். கே. வி. மகாதேவன் இசையில் சுந்தராம்பாள் பாடிய "பழம் நீயப்பா" இக்காட்சிக்குரியது. இக்கதையின் களமான பழனி திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. பழனிக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட தொப்பம்பட்டி வட்டாரத்துக்கு அதுவே அருகிலுள்ள பெரிய கோயில் நகரம். பங்குனி உத்திரத்தின்போது கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தத்தைக் காவடியில் எடுத்துக்கொண்டு பக்தர்கள் நடந்தே பழனிக்கு வருவது கொங்கு நாட்டின் பழைய வழக்கம். ஆகவே கொடுமுடியில் பிறந்தவர் பழனி முருகனைப் பாடியது திரைக்கதையின் தேவைக்காக மட்டும் அமைந்த ஒன்றாகத் தோன்றவில்லை.

ஆப்பிரிக்க அமெரிக்கரின் "சோல்" இசை, தேவாலயப் பாடல் முறையிலிருந்து கிளைத்தது. அத்தேவாலய மரபின் பெரும் பாடகியான மகாலியா ஜாக்சன் (1911 – 1972) குடியுரிமைப் போராட்ட மேடைகளிலும் பாடியவர். இராகங்களும் மொழியும் வேறாயினும், கடவுளைப் பாடும் குரலே அரசியல் மேடையிலும் ஒலித்தது என்ற அளவில் இருவரையும் ஒப்பிடலாம்.

அரசியலும் விருதுகளும்

எஸ். சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரசுக் கூட்டங்களில் சுந்தராம்பாள் தேசியப் பாடல்களைப் பாடினார். பேச்சு தொடங்கும் முன்னரே கூட்டம் சேர அவரது பாட்டு உதவியது. 1950களில் சென்னைச் சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். இந்தியத் திரைக்கலைஞர்களுள் சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதலாமவர் இவரே எனக் கூறப்படுகிறது.

தமிழ் இசைச் சங்கம் இசைப்பேரறிஞர் பட்டம் அளித்தது. "துணைவன்" படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதையும், 1970 இல் பத்மசிறீ விருதையும் பெற்றார். கிட்டப்பா மறைந்து ஏறத்தாழ 47 ஆண்டுகள் கழித்து, 1980 இல் சுந்தராம்பாள் காலமானார்.