நாள்பட்ட தூக்கமின்மை

நாள்பட்ட தூக்கமின்மை என்பது, தூங்குவதற்குப் போதிய நேரமும் ஏற்ற இடமும் இருந்தும் தூங்க முடியாமல் நீண்ட காலம் அவதிப்படும் நிலையாகும். படுத்து வெகுநேரமாகியும் தூக்கம் வராமல் இருக்கலாம். வந்த தூக்கம் இடையில் கலையலாம். விடியுமுன்பே விழிப்பு வந்து மீண்டும் தூங்க முடியாமல் போகலாம். வாரத்தில் 3 இரவுகளாவது இவ்வாறு நிகழ்ந்து, 3 மாதங்களோ அதற்கு மேலோ நீடித்து, பகல்நேர வேலைகளையும் பாதித்தால் அது நாள்பட்டது எனப்படுகிறது. தேர்வுக்காகக் கண்விழிப்பது இதில் சேராது. அங்கே தூங்குவதற்கான வாய்ப்பை நாமே குறைத்துக்கொள்கிறோம்.

தூக்கம் வரும் விதம்

தூக்கத்தை இரண்டு ஏற்பாடுகள் நடத்துவதாக சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் விளக்கினார்.

முதலாவது, தூக்கத் தேவை. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட இதுவும் கூடும், தூங்கினால் குறையும். மூளையில் சேரும் அடினோசின் என்னும் வேதிப்பொருளுக்கு இதில் முக்கியப் பங்குண்டு. காப்பி, தேநீரில் உள்ள காஃபீன் அடினோசினின் வேலையைத் தடுப்பதால்தான் அவற்றைக் குடித்ததும் தூக்கம் கலைகிறது. குடித்து 5 மணி நேரம் கழிந்த பின்னும் ஏறத்தாழப் பாதி காஃபீன் உடலில் எஞ்சியிருக்கலாம்.

இரண்டாவது, உடலின் உள்கடிகாரம். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள இது, பகல் வெளிச்சத்தைக் கொண்டு தன்னைச் சரிசெய்துகொள்கிறது. தினமும் ஒரே நேரத்தில் எழுந்தால் இக்கடிகாரம் சீராக ஓடும்.

இவை இரண்டும் சரியாக இருந்தாலும், மனமும் உடலும் பரபரப்பாக இருந்தால் தூக்கம் வராது.

ஏன் நீடிக்கிறது?

அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மேன் 1987இல் இதற்கான காரணங்களை மூன்றாகப் பிரித்தார்.

1. இயல்பிலேயே உள்ளவை: எளிதில் கவலைப்படும் குணம், பரம்பரை, வயது.
2. தொடங்கி வைப்பவை: உறவினர் இறப்பு, நோய், கடன், வேலை இழப்பு.
3. நீடிக்கச் செய்பவை: தூக்கத்தை ஈடுகட்ட நாம் செய்பவை.

மூன்றாவதே கவனிக்க வேண்டியது. இரவு தூங்காதவர் மறுநாள் 9 மணிக்கே படுக்கிறார். காலையில் தாமதமாக எழுகிறார். மதியம் 2 மணி நேரம் உறங்குகிறார். இவையெல்லாம் நியாயமாகத் தோன்றினாலும், அடுத்த இரவுக்குச் சேர வேண்டிய தூக்கத் தேவையைக் குறைத்துவிடுகின்றன. படுக்கையில் பல இரவுகள் விழித்தே கிடப்பதால், படுக்கையைக் கண்டாலே விழிப்பு வரும் பழக்கமும் உண்டாகிறது. கூடத்து நாற்காலியில் கண்ணயர்ந்தவர், எழுந்து போய்க் கட்டிலில் படுத்ததும் விழித்துக்கொள்வது இதனால்தான். தொடங்கி வைத்த கவலை தீர்ந்த பிறகும் தூக்கமின்மை தங்கிவிடுகிறது.

பகலில் ஏற்படும் பாதிப்புகள்

சோர்வு, மறதி, கவனக்குறைவு, எரிச்சல் ஆகியவை பொதுவானவை. மனச்சோர்வு தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கமின்மை மனச்சோர்வு வரும் வாய்ப்பைக் கூட்டும். “எதையும் நினைக்காமல் கண்ணை மூடு” என்று வீட்டார் சொல்வது பெரும்பாலும் உதவுவதில்லை. தூக்கம் முயன்று பெறக்கூடியது அன்று. முயற்சி கூடினால் விழிப்பே கூடும்.

சிகிச்சை

பெரியவர்களுக்கு முதல் சிகிச்சையாக அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையே அளிக்க வேண்டும் என அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. அதன் முக்கியப் பகுதிகள்:

படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டும் ஒதுக்குதல்: தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுக்க வேண்டும். ஏறத்தாழ 20 நிமிடங்களில் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியான வேலை ஏதேனும் செய்துவிட்டு, தூக்கம் வந்ததும் திரும்பலாம். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது.

படுக்கை நேரத்தைக் குறைத்தல்: ஒருவர் 8 மணி நேரம் படுத்திருந்து 5½ மணி நேரமே தூங்குகிறார் என்போம். படுத்திருந்த நேரத்தில் சுமார் 69 விழுக்காடே தூக்கம். அவர் சில வாரங்களுக்கு இரவு 12 மணிக்குப் படுத்து 5.30க்கு எழ வேண்டும். இந்த அளவு 85 விழுக்காட்டைத் தாண்டியதும், படுக்கை நேரத்தை 15 நிமிடங்கள் கூட்டலாம். முதல் வாரங்களில் பகல்தூக்கம் கண்ணைச் செருகும்; அப்போது வண்டி ஓட்டுவது ஆபத்து. வலிப்பு நோயும் இருமுனை மனநோயும் உள்ளவர்கள் இதைத் தாமாகச் செய்யக் கூடாது.

எண்ணங்களைச் சரிசெய்தல்: “இன்று தூங்காவிட்டால் நாளை எல்லாம் கெட்டுவிடும்” போன்ற அச்சங்களை ஆராய்ந்து தணித்தல்.

தூக்க மாத்திரைகள் குறுகிய காலத்துக்கு உதவலாம். சிலவகை மாத்திரைகள் நாளடைவில் பழக்கமாகிவிடும். முதியவர்கள் தடுமாறி விழும் வாய்ப்பையும் கூட்டும். நெடுநாள் உட்கொண்டவர்கள் திடீரென நிறுத்தாமல், மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். மது தூக்கத்தைத் தருவதுபோல் தோன்றினாலும் பின்னிரவில் அதைக் கலைத்துவிடும்.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை

உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும், இரவில் கால்களை அசைக்காமல் இருக்க முடியாத குடைச்சல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், தைராய்டு கோளாறு, தீராத வலி ஆகியவை தனிச் சிகிச்சை தேவைப்படுபவை. வாழ்க்கையில் வெறுப்பு தோன்றினால் உடனே உதவி நாட வேண்டும்.

தூக்கம் சீரான பிறகும் சில இரவுகள் கெடும். அவ்வேளையில் முன்னதாகப் படுக்காமல், காலையில் வழக்கமான நேரத்திலேயே எழுவது, ஒரு கெட்ட இரவு பல மாதங்களாக நீளாமல் தடுக்கும்.