உங்களுக்குத் தெரியுமா? அறைக்கு ஒரு கலைஞர்!
கனடாவின் டொரன்டோ நகரில், குயின் தெருவின் மேற்குப் பகுதியில் 1889-இல் கட்டப்பட்டது கிளாட்ஸ்டன் ஹோட்டல். நாளடைவில் பொலிவிழந்துபோன இந்தக் கட்டடம் 2005-இல் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தபோது, அதன் 37 அறைகளும் உள்ளூர்க் கலைஞர்களின் கைவண்ணத்தில் மிளிர்ந்தன. ஓர் அறையின் சாயல் அடுத்த அறையில் இல்லை! ‘டீன் குயின்’ என்ற அறையில் சுவரெங்கும், பதின்வயதுப் பெண்கள் ஆசை ஆசையாக ஒட்டிவைக்கும் நட்சத்திரங்களின் படங்கள். ஆர்ட் கேலரிக்குள் கால்வைக்கத் தயங்குகிறவர்கூட இங்கே கலைக்கு நடுவிலேயே தூங்கி எழுந்தார். வளரும் கலைஞருக்கு இதைவிட நெருக்கமான ரசிகர் எங்கே கிடைப்பார்? மாடி நடைவழிகளிலும் கண்காட்சிகள் நடந்தன. அடுத்த முறை ஹோட்டலில் தங்கும்போது, சுவரில் தொங்கும் ஓவியத்தின் மூலையில் யார் கையெழுத்து இருக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள்.